வீட்டு வரியும் மலையகத்தின் பாத்தியதையும்

இராகலை போன்ற மலையக நகரங்களின் கடைவீதிகளில் வீடும் கடையும் வைத்திருப்போருக்கு உள்ளூராட்சிச் சபையின் வரி அறிவித்தல் வருவது பழகிப்போன காரியம். அதே கடைவீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில், நான்கைந்து தலைமுறைகளாக மலைச்சரிவுகளில் வாழ்ந்து, தேயிலைக் கொழுந்து பறித்து, இலங்கையின் திறைசேரிக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் வாசலுக்கு அத்தகைய கடிதம் ஒருநாளும் வந்ததில்லை. வரி கேட்டு எவரும் வராதது ஒரு பாக்கியம் என்று எண்ணத் தோன்றும். ஆயினும் வீட்டு வரி என்பது எந்த நியாயத்தின்மேல் எழுந்தது, எவ்வாறு கணக்கிடப்படுகிறது, அதைச் செலுத்துகிறவருக்கு என்ன பாத்தியதை பிறக்கிறது என்பவற்றைச் சற்று நிதானமாக ஆராய்வோமாயின், இந்த விலக்கை ஒரு சலுகையாகக் கொள்வதற்கு இடமே இல்லை என்பது விளங்கும்.

இந்த ஆராய்ச்சிக்கு இன்று ஒரு விசேஷ அவசியம் உண்டு. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பிறந்து அங்கேயே முதுமையடைவதுதான் விதி என்றிருந்த சமூகத்தில், கடந்த பத்தாண்டுக் காலத்தில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கை வேரூன்றத் தொடங்கியிருக்கிறது. அரசாங்கத்தின் திட்டங்களாலும், இந்திய அரசின் நன்கொடையாலும் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்துள்ளன. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளுக்கு வாக்களித்தார். வீட்டுக்காரர் என்ற ஸ்தானத்தை முதன்முதலாக அடைகின்ற இக்குடும்பங்கள் வீட்டோடு சேர்ந்து வரும் கடமைகளையும் அக்கடமைகளிலிருந்து பிறக்கும் உரிமைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். அறியாமையில் வரியைக் கண்டு அஞ்சுகிறவர் ஒருநாள் அதை மறுகேள்வியின்றிக் கட்டுவார், அல்லது கட்டாமல் விட்டு நட்டப்படுவார்; இரண்டும் நல்ல குடிமகனுக்கு உகந்தவை அல்ல.

முதலில் இந்த வரியின் இயல்பைப் பார்ப்போம். சில இடங்களில் சோலை வரி என்றும், சில இடங்களில் ஆதன வரி என்றும், அலுவலகப் பத்திரங்களில் மதிப்பீட்டு வரி என்றும் வழங்குவது இதுவே. நுவரெலியா மாநகர சபைக்கும், ஹட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை நகர சபைகளுக்கும் அவற்றுக்குரிய கட்டளைச் சட்டங்கள் இந்த அதிகாரத்தை அளிக்கின்றன; இராகலை அடங்கிய வலப்பனைப் பிரதேச சபை போன்றவற்றுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அளிக்கிறது. பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் இவ்வரி விதிக்கப்படுவதில்லை. கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று முறைப்படி பிரகடனம் செய்யப்பட்ட இடங்களுக்கே விதிக்கப்படும். அப்பகுதியில் உள்ள வீடு, கடை, வெற்று நிலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமும் ஒரு வருடாந்தப் பெறுமதியும் பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன.

வருடாந்தப் பெறுமதி என்பது வீட்டை விற்றால் கிடைக்கும் விலையன்று. அந்த வீட்டை நியாயமான வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன வருமானம் வரும் என்று ஊகித்துக் காணும் தொகையே அதற்கு அடிப்படை. இத்தகைய மதிப்பீட்டை அரசாங்கத்தின் விலைமதிப்பீட்டுத் திணைக்களம் செய்கிறது. அப்பெறுமதியில் நூற்றுக்கு இவ்வளவு என்று சபை தீர்மானித்து வர்த்தமானியில் அறிவிக்கும் வீதமே நாம் கட்டும் வரியாகிறது. உதாரணத்துக்காக மட்டும் ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டின் வருடாந்தப் பெறுமதி 12,000 ரூபா என்றும், சபை விதித்த வீதம் நூற்றுக்கு 6 என்றும் கொண்டால், ஆண்டு வரி 720 ரூபா. காலாண்டுக்கு 180 ரூபா. ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31ஆம் திகதியன்றோ அதற்கு முன்னரோ செலுத்துவோருக்கு நூற்றுக்கு 10 கழிவு உண்டு. அதாவது 648 ரூபாவுடன் கணக்கு முடிந்துவிடும். காலாண்டுதோறும் செலுத்துவோர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் செலுத்தினால் நூற்றுக்கு 5 கழிவு பெற்று, ஆண்டு முழுவதும் 684 ரூபா செலுத்துவர். கட்டாமல் விட்டவருக்கோ வாரண்ட் கட்டணம் சேரும். மேலும் பிடிவாதம் செய்தால் அசையும் பொருட்களை ஜப்தி செய்யவும் சபைக்கு அதிகாரம் உண்டு. வரிப் பாக்கி ஆளை விட்டுப் போனாலும் ஆதனத்தை விட்டுப் போவதில்லை. ஆகவே வீடு வாங்குகிறவர் விற்பவரிடம் கடைசி வரிச்சீட்டைக் கேட்டுப் பார்க்காமல் காணி உறுதியில் கையொப்பமிடலாகாது.

மதிப்பீடு பிழையானது என்று தோன்றினால் மௌனமாக இருக்க வேண்டியதில்லை. பெறுமதி அறிவித்தல் கிடைத்ததும், அதில் குறிக்கப்பட்ட காலத்துக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் இடமளிக்கிறது; அயல் வீட்டின் பெறுமதி என்ன, கூரை என்ன, பாதை எத்தகையது, தண்ணீர் வசதி உண்டா என்ற விவரங்களே அந்த ஆட்சேபத்துக்குப் பலம் தருவன. மண்சரிவு அபாயமுள்ளதென்று அடையாளம் காணப்பட்ட சரிவில் நிற்கும் வீட்டையும், பிரதான பாதையோரத்தில் கடைவைக்கத் தகுந்த வீட்டையும் ஒரே வாடகை மதிப்பில் எடை போடுவது நியாயமாகாது என்பதை எடுத்துரைக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. காலம் தவறினால் அந்த உரிமையும் கைநழுவும் என்பதை மறத்தல் கூடாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வரிச்சீட்டு காணி உறுதிக்கு ஈடாகாது. பதிவேட்டில் பெயர் இருப்பது, இன்னார் இந்த வீட்டில் இருந்து வரி செலுத்தி வந்தார் என்பதற்குச் சாட்சியாகலாம். நிலம் அவருடையது என்பதை அது மட்டும் ஸ்தாபித்துவிடாது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பத்தாண்டு அனுபவத்தால் தனியார் காணியில் உரிமை கோரலாமாயினும், அரச காணிக்கு எதிராக அவ்வாறு கோர முடியாது. தோட்டக் காணிகளோ பெரும்பாலும் அரசுக்கு உரியவை. எனவே வரி கட்டுவதற்கு ஆயத்தமாகும் மலையகக் குடும்பம் அதற்கு முன்பே முறையான உறுதியைக் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது.

நம்மவர் பலர் இன்று கடல் கடந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வாங்கிக் குடியேறியிருக்கின்றனர். அவர்களிடம் வீட்டு வரியைப் பற்றிக் கேட்டால் நம் ஊர்த் தொகையைக் கேட்டுச் சிரிப்பார்கள். அமெரிக்காவில் கவுண்டி என்னும் மாவட்ட நிருவாகங்களும், அவற்றின் கீழுள்ள நகரங்களும் பாடசாலை வட்டங்களும், வீட்டின் சந்தை விலையை ஆதாரமாகக் கொண்டே வரி விதிக்கின்றன. அரசாங்கப் பாடசாலைகளின் செலவில் கணிசமான பங்கு அந்த வரியிலிருந்தே வருகிறது. வீட்டு விலை ஏற ஏற வரியும் ஏறி, ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் சொந்த வீட்டில் இருக்க முடியாமற்போன அவதியே கலிபோர்னியா மாநில மக்களை 1978ஆம் ஆண்டில் வாக்கெடுப்பின் மூலம் வரிக்கு ஒரு வரம்பு கட்டச் செய்தது. மதிப்பீட்டில் நூற்றுக்கு 1 என்பது அடிப்படை வரியின் உச்சமாயிற்று. வீடு கைமாறாதவரை அந்த மதிப்பீடு ஆண்டுக்கு நூற்றுக்கு 2க்கு மேல் உயரலாகாது என்பதும் விதியாயிற்று. நம் நாட்டில் பாடசாலையையும் ஆஸ்பத்திரியையும் மத்திய அரசும் மாகாண சபையும் தாங்குவதால் வீட்டு வரி சிறிதாக இருக்கிறது. ஊர்ப் பாதை, வடிகான், தெருவிளக்கு, குப்பை அகற்றல், வாசிகசாலை, மயானம், விளையாட்டு மைதானம் என்னும் அன்றாடக் காரியங்களே அதன் விளைச்சல். ஆனால் இரண்டு தேசங்களுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. தன் வீட்டுப் பெறுமதியையும் வரி வீதத்தையும் அறிந்த பிரஜை, சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, ‘என் பணம் எங்கே போயிற்று?’ என்று கேட்கும் தகுதியைப் பெறுகிறார்.

இந்தத் தகுதியே மலையகத்துக்குத் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டது. பழைய கிராமச் சங்கங்களின் காலத்திலேயே, தோட்டம் என்பது ஊரல்ல, துரையின் ஆட்சிக்கு உட்பட்ட தனியிடம் என்ற எண்ணம் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. 1930களில் கிராமச் சங்க வாக்குரிமை பற்றி விவாதம் எழுந்தபோது தோட்ட லயங்களில் வாழ்ந்தோர் அவ்வுரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய நாட்டுரிமையையே பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும் பின்னர் எழுந்த சட்டங்களுக்கும் ஊடாக, 2003ஆம் ஆண்டில்தான் நாடற்றோர் என்ற அவச்சொல் சட்ட அளவில் ஏறக்குறையத் துடைக்கப்பட்டது. வாக்குரிமை மீண்ட பிறகும், பிரதேச சபை தோட்டத்துக்குள் நுழைந்து ஒரு பாதை போடவோ ஒரு விளக்கு ஏற்றவோ சட்டம் தடையாக நிற்கிறது என்ற காரணம் சொல்லப்பட்டது. தான் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர் தன் லயத்து வடிகானைச் சீர்செய்யச் சக்தியற்றவர் என்பதைவிடப் பெரிய முரண்பாடு ஜனநாயகத்தில் வேறு என்ன இருக்க முடியும்? 2018ஆம் ஆண்டில் பாராளுமன்றம் பிரதேச சபைகள் சட்டத்தைத் திருத்தித் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் சேவை செய்ய வழி திறந்தது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரண்டு மாபெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டுக் கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் என்னும் புதிய சபைகள் தோன்றின. கதவு திறந்தது உண்மை. ஆனால் உள்ளே கொண்டுவருவதற்குச் சபையின் கையில் பணம் வேண்டுமே!

அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியில்தான் பெரும் அநியாயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று பிரகடனம் செய்யப்படாத இடங்களில், பயிர்ச்செய்கை நிலங்களுக்கு ஏக்கர் வரி என்னும் ஒரு வரி உண்டு. பிரதேச சபைகளின் வர்த்தமானி அறிவித்தல்களில் நாம் ஆண்டுதோறும் காணும் வீதம், 5 ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலத்துக்கு ஹெக்டயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 ரூபா. 300 ஹெக்டயர் தேயிலை நிலத்தைக் கொண்ட தோட்டம் ஒன்று, பத்து ரூபாவுக்கு மதிப்பிருந்த காலத்துச் சட்டத்தின் தயவால், தன்னைச் சுமக்கும் பிரதேசத்துக்கு ஓராண்டில் தரவேண்டியது 3,000 ரூபா. 2024ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஒரு தொழிலாளி மூன்று நாட்களில் ஈட்டுவதற்கும் இது குறைவு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிருவாகத்துக்கும் பின்பு நீண்டகாலக் குத்தகைக்கும் சென்ற இந்நிலங்களில் ஓடும் லொறிகள் உடைக்கும் பாதையைச் செப்பனிடப் பிரதேச சபையிடம் பணமில்லை என்றால், அதற்கான காரணத்தை இந்தப் பத்து ரூபாவில் தேட வேண்டும். மலையகத்தில் வரிச் சீர்திருத்தம் என்று எவரேனும் தொடங்குவாராயின் ஏழு பேர்ச் வீட்டிலிருந்து தொடங்கலாகாது. முந்நூறு ஹெக்டயரிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் சொல்வதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். கொழுந்துக் கூடையின் எடையால் வயிற்றைக் கழுவும் குடும்பத்தின் தலையில் இன்னொரு வரியா, இது தர்மமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் கிடைப்பதற்கே எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர் எவரும் இக்கேள்வியை அலட்சியம் செய்யமாட்டார். அதற்கு என் விடை, வரிக்கு ஒரு கிரமம் உண்டு என்பதே. முதலில் உறுதி, அடுத்து வீட்டுக்கு ஓர் இலக்கமும் விலாசமும், அடுத்து பாதையும் தண்ணீரும் விளக்கும், இவை மூன்றும் கைக்கு வந்த பின்னரே வரி. அதுவும் வறிய குடும்பங்களுக்கு விலக்கும், ஏனையோருக்கு மிகக் குறைந்த தொகையும் என்ற பிரமாணத்தில் அமைதல் வேண்டும். சேவைக்கு முன்னர் வரி கேட்பது கொடுமை. ஆனால் ‘நீங்கள் ஏழைகள், உங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டோம்’ என்று சொல்லிச் சேவையையும் தராமல் இருப்பது அதனினும் கொடுமை; ஏனெனில் அந்த இரக்கத்தின் மறுபக்கத்தில், ‘நீங்களும் எங்களிடம் ஒன்றும் கேட்காதீர்கள்’ என்ற வாசகம் எழுதப்பட்டிருக்கிறது.

விலாசத்தின் அருமையைத் தோட்டத்தில் வாழாதவர் எளிதில் உணரமாட்டார். தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் மட்டும் தாங்கி வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தில் இறங்கி, கைமாறிக் கைமாறி வீடு வந்து சேர்வதற்குள், பல்கலைக்கழக அனுமதிக்கோ உத்தியோக நேர்முகப் பரீட்சைக்கோ குறித்த திகதி கடந்துபோன கதைகளை மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம். நகரத்து வீட்டுக்கு விலாசமாக விளங்கும் இலக்கம் உண்மையில் மதிப்பீட்டுப் பதிவேட்டில் சபை கொடுத்த இலக்கமே. எனவே வரிப் பதிவேட்டில் ஏறுவது, தபாற்காரரும் வங்கியும் பாடசாலையும் அறியத்தக்க ஓர் இருப்பிடத்தைப் பெறுவதுமாகும்.

வீடும் வரியும் கணக்குக் கேட்கும் உரிமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்குத் தமிழர் வரலாற்றில் தொன்மையான ஒரு சான்று உண்டு. காஞ்சிக்கு அருகேயுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிவு செய்த விதத்தைக் கூறுகின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும் இருத்தல் வேண்டும் என்பது உறுப்பினருக்கு விதித்த தகுதிகளுள் அடங்கும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பதவிக்கு வரலாகாது என்பதும் அதே கல்வெட்டின் விதி. நிலமற்றவரைச் சபைக்கு வெளியே நிறுத்திய அந்த ஏற்பாட்டை இன்று எவரும் அப்படியே ஏற்கமாட்டார். வாக்குரிமைக்குச் சொத்தை அளவுகோலாக வைப்பது இக்காலத் தர்மத்துக்கு விரோதம். ஆயினும் வீடு, வரி, கணக்கு என்ற மூன்றையும் பிரிக்கவொண்ணாத ஒரே முடிச்சாக ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்ட அந்த அறிவு நமக்கு இன்றும் வழிகாட்டத் தக்கது. வீடு தந்து வரியை மறப்பதும், வரி வாங்கிக் கணக்கை மறைப்பதும் அந்த முடிச்சை அறுக்கும் செயல்களே.

கணக்கைப் பற்றிச் சொல்லும்போது அண்மைக் காலத்து ஓர் அனுபவத்தையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் அமைந்த சபைகளின் ஆயுள் 2023 மார்ச் மாதத்தில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதிதான் நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டாண்டுகளுக்கு மேலான காலத்தில் உத்தியோகத்தர்களே சபைகளை நடத்தினர். மக்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லாத நிலையிலும் வரி கட்டும் கடமை தொடர்ந்தது. கேள்வி கேட்கும் சபாமண்டபம் மட்டும் மூடிக் கிடந்தது. வரியும் பிரதிநிதித்துவமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியலாகாது என்ற கோட்பாட்டுக்காக ஒரு தேசமே புரட்சி செய்ததை உலக சரித்திரம் அறியும். நம் சபைகளுக்கு உரிய காலத்தில் தேர்தல் நடத்துவதை அரசாங்கங்களின் சௌகரியத்துக்கு விட்டுவிடலாகாது.

ஆகவே, புதிதாக வீட்டுக்காரராகியிருக்கும் குடும்பங்களுக்கு என் விண்ணப்பம் இது. உறுதியைப் பெறும்வரை ஓயாதீர்கள். பெற்றபின் அதன் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பிரதேச சபைக்கு எழுதி உங்கள் வீட்டுக்கு இலக்கம் கேளுங்கள்; அந்தக் கடிதத்தின் பிரதியைக் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள். வரி அறிவித்தல் வரும் நாளில் பெறுமதியையும் வீதத்தையும் வாசித்துப் பாருங்கள். பிழையிருந்தால் தவணைக்குள் ஆட்சேபியுங்கள். சரியென்றால் ஜனவரியில் கட்டிக் கழிவைப் பெறுங்கள். இந்தக் கணக்கை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

2025 மே மாதத்துத் தேர்தலில் தெரிவான தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் என் விண்ணப்பம் வேறு. ஒவ்வொரு வட்டாரத்திலும் எவ்வளவு வரி சேர்ந்தது, அந்த வட்டாரத்தில் எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, சபையின் வாசலிலும் தோட்டத்துக் கோயில், வாசிகசாலைச் சுவர்களிலும் ஆண்டுதோறும் ஒட்டுங்கள். அரசாங்கத்துக்கும் ஒரு சொல்: ஹெக்டயருக்குப் பத்து ரூபா என்னும் அந்த வீதத்தைக் காலத்துக்கேற்ற நியாயமான தொகையாக மாற்றும் திருத்தத்தைப் பாராளுமன்றத்தில் கொண்டுவாருங்கள்; அதில் வரும் வருமானம் தோட்டக் குடியிருப்புகளின் பாதைக்கும் தண்ணீருக்குமே செலவாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதுங்கள். இவ்விரண்டும் நடைபெறுமாயின், மலையகத்து வீட்டுக்காரர் தம் பங்கு வரியை மனமுவந்து செலுத்துவார். செலுத்திவிட்டு, இந்நாட்டின் ஏனைய ஊர்க்காரர் எவருக்கும் சளைக்காமல், தம் சபையை நோக்கிக் கணக்குக் கேட்பார்.